‘கம் பேக்’ உண்ணாமலை

எங்கள் தெருவில் இரண்டு உண்ணாமலை. ஒருத்தி பூக்காரி, இன்னொருத்தி பால்காரி. இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு அண்ணாமலையும் தெருவுக்கு இரண்டு உண்ணாமலையும் இல்லாவிட்டால்தான் அதிசயம். குழப்பம் வரக் கூடாதென்று ஒருத்தியைப் பூக்கார உண்ணாமலை என்றோம். பால்காரியை ‘கம் பேக்’ உண்ணாமலை என்றோம். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

மாவட்டம் பிரிந்த வருஷம், எண்பத்தொன்பதில், வேலூரிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தேன். கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் வீடு கிடைத்தது. பாதித் தெரு வெள்ளைக்காரர்கள். மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கென்றே கடல் தாண்டி வந்தவர்கள். நானோ அந்த மலையை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவள். ஆரம்பத்தில் அவர்கள் பேரில் எனக்குப் பொறாமைதான் இருந்தது. மரியாதையெல்லாம் அப்புறம் வந்தது.

உண்ணாமலை அடி அண்ணாமலையிலிருந்து வருவாள். சைக்கிள் கேரியரில் ஒரு பால் கேன், ஹேண்டில்பாரில் இரண்டு தூக்கு. சைக்கிள் அவள் புருஷன் சடையனுடையது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. கிரிவலப் பாதை நெடுகத் தள்ளிக்கொண்டே வருவாள், தள்ளிக்கொண்டே போவாள்.

“ஓட்டக் கத்துக்கோயேன், இப்படித் தள்ளறதுக்கு ஒரு சைக்கிளா?” என்று கேட்டேன்.

“ஓட்டினா சீக்கிரம் வந்துருவேன் க்கா. நீங்கதான் எழுந்திருச்சிருக்க மாட்டீங்க” என்றாள்.

வாய் ஜாஸ்தி. பாலில் தண்ணீர் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று நான் கேட்காத வாரம் கிடையாது. “மாடு குடிக்கிற தண்ணி க்கா, நான் இன்னா பண்றது?” என்று அவள் சொல்லாத வாரமும் கிடையாது. கணவனைப் பற்றி, மாமியாரைப் பற்றி, பௌர்ணமிக் கூட்டத்தில் சைக்கிளை நகர்த்த முடியாமல் பட்ட பாட்டைப் பற்றி, பால் அளக்கிற நேரத்துக்குள் ஒரு மூச்சு பேசித் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள்.

வெள்ளைக்காரர்கள் வீட்டில் பால் ஊற்ற ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

“க்கா, கம் பேக்னா இன்னா?”

“திரும்பி வான்னு அர்த்தம். யாரு சொன்னாங்க?”

“எல்லாரும்தான். முனை வூட்டுத் தாடிக்காரரு பாதிக் கதவ மூடிக்கினு ‘கம் பேக் லேட்டர்’ன்றாரு. மாடி வூட்டுப் பொண்ணு ‘கம் பேக் டுமாரோ’ன்னுது. போகச் சொல்லும்போதுதான் சொல்றாங்க.” கேனின் மூடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். “நம்மள மாதிரிதான் போல க்கா. நாமளும் வந்தவங்களப் போன்னு சொல்ல மாட்டோம் இல்ல? போயிட்டு வான்னுதான சொல்லி அனுப்பறோம். மரியாத தெரிஞ்ச பாஷதான்.”

ஆங்கில டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள் நான். வருஷக்கணக்காக ஆங்கிலக் கடிதங்களைத் தட்டித் தள்ளியிருக்கிறேன். அந்தப் பாஷைக்கு மரியாதை தெரியுமா தெரியாதா என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வெள்ளைக்காரர் வீடுகளில் பாலை ஊற்றிவிட்டுக் கிளம்பும்போது ‘வரேன்’ என்பதற்குப் பதிலாக “கம் பேக்!” என்று தெருவே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அப்படிச் சொன்னா அவங்களத் திரும்பி வரச் சொல்ற மாதிரி ஆயிடும். ‘ஐ வில்’னு முன்னால சேத்துக்கோ.”

“அவங்க வூட்லயேதான் நிக்கறாங்க, எங்கேர்ந்து திரும்பி வருவாங்க? போறவ நான். அதுகூடவா அவங்களுக்குத் தெரியாது?”

அதோடு விட்டுவிட்டேன்.

அவள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் மார்த்தா. எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர்தான். ஸ்விட்சர்லாந்திலிருந்து கணவர் எமிலோடு வந்து தங்கியவர். எமில் அங்கே ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும், பிள்ளைகள் இல்லை. உண்ணாமலை “கம் பேக்!” என்றதும் மார்த்தா கேட்டில் நின்றபடி “கம் பேக், உண்ணாமலை” என்பார். இவள் வரேன் என்கிறாள், அவர் வா என்கிறார். நம் வீட்டு வாசலில் நடக்கிற அதே பேச்சு, இங்கிலீஷில் நடந்தது. வருஷக்கணக்கில் மழையோ வெயிலோ ஒரு நாள்கூட அது நிற்கவில்லை. சில நாள் எமில் பின்னாலிருந்து தன் பங்குக்கு ஒரு “கம் பேக்” போடுவார். உண்ணாமலை சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளுவாள்.

நாம் எல்லோரும் தினமும் எத்தனையோ பேரிடம் ‘வரேன்’ என்கிறோம். கடைக்காரரிடம், கண்டக்டரிடம், ஆபீசில் பிடிக்காத சூப்பிரண்டிடம்கூடச் சொல்கிறோம். வருவதாக நினைத்தா சொல்கிறோம்? வாய் தானாகச் சொல்கிறது. உண்ணாமலைக்கு அப்படி இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் வரேன் என்று ஓர் இடத்தில் சொன்னால், அந்தச் சொல்லுக்குள் அவள் முழுசாக இருந்தாள்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் எமில் இறந்துபோனார். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போலீஸுக்கும் எம்பஸிக்கும் எழுத வேண்டியதையெல்லாம் நான்தான் கூட இருந்து எழுதிக் கொடுத்தேன். இந்த ஊரிலேயே எரிக்க வேண்டும் என்று எமில் எப்போதோ சொல்லி வைத்திருந்தாராம். தெருவே வந்தது. பெண்கள் மார்த்தாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உண்ணாமலை மார்த்தாவின் காலடியில் உட்கார்ந்து, சொந்த அண்ணன் போனது போல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆண்கள் உடலை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து கிளம்பினோம்.

எப்படிக் கிளம்புவோம்? சாவு வீட்டில் யாரும் ‘வரேன்’ என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். துக்கக்காரர் முகத்தையும் பார்க்க மாட்டோம். சத்தமில்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிப்போம். நானும் அப்படித்தான் எழுந்து வந்தேன். வேறெப்படி வருவது? கடைசியாக எழுந்தவள் உண்ணாமலை. அவளும் ஒரு வார்த்தை பேசாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் சுடுகாட்டில் சாம்பல் மேல் ஊற்றப் பால் அவள்தான் கொடுத்தாள். நிஜமாகவே தண்ணீர் சேராத பால். அதற்கடுத்த நாளிலிருந்து வழக்கம்போல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மார்த்தாவின் பாத்திரத்தில் ஊற்றினாள், பக்கத்தில் நின்று கையைத் தடவிக் கொடுத்தாள், கிளம்பும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு பேசாமல் போனாள். மார்த்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் அவரே “கம் பேக், உண்ணாமலை?” என்று கேள்வி மாதிரி சொன்னார். இவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. தலையை வேகமாக ஆட்டி மறுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமாகப் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் இதைப் பார்த்தேன். அந்த அம்மாள் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை.

ஒரு வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, ஊருக்குத் திரும்பப் போவதாக மார்த்தா சொன்னார். அண்ணன் மகள் போனில் பேசினாளாம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டார்களாம்.

“நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியுமாம்” என்றார்.

“உங்களுக்குப் போக இஷ்டமா?”

“இல்லை. எமிலை எரித்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.” எமிலின் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். “ஆனால் யாருக்கும் நான் வேண்டாத ஊரில் எப்படி இருப்பது, தேவி? அன்றைக்கு எல்லோரும் எழுந்து போனீர்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நீயும்தான். சாவு வந்த வீடு, தீட்டு, போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உண்ணாமலை? இத்தனை வருஷம் ஒரு நாள் தவறாமல் சொன்னவள். இப்போது நான் கேட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அவள் ஒருத்தி சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன்.”

தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி, எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். நாங்கள் முகம் பார்க்காமல் போனது உங்கள் மேல் உள்ள பயத்தால் இல்லை, உங்களுக்காக உள்ள பயத்தால். வரேன் என்று சொன்னால் உங்களுக்கு ஆகாது. கருமாதி முடியும்வரை இது சாவு வீடுதான். அதனால்தான் அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மார்த்தா கவனமாகக் கேட்டார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“புரிகிறது. நிஜமாகவே புரிகிறது. ஆனால் அவள் பேசாமல் போய், கேட் சாத்துகிற சத்தம் கேட்கும்போது எனக்குள் இருக்கிற ஏதோ ஒன்றுக்குப் புரியவில்லை. இனிமேல் யாரும் வரப் போவதில்லை என்றுதான் அது நினைக்கிறது. ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.”

சரி, சொல்ல வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் உண்ணாமலையைத் தெருமுனையிலேயே மடக்கினேன். விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரே ஒரு வார்த்ததான? இங்கிலீஷ்லதான சொல்லப் போற? அது நம்ம ஊரு சாமிக்குப் புரியவா போவுது?” என்று வேடிக்கையாகக்கூடப் பேசிப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள்.

“என் தங்கச்சி சரசுவ உங்களுக்குத் தெரியாது க்கா. வேட்டவலம் பக்கம் குடுத்திருந்தோம். அவ மாமனாரு செத்துட்டாரு, போனேன். கெளம்பற நேரம் பஸ்ஸுக்கு அவசரம், பழக்க தோஷம், ‘வரேன் சரசு’ன்னுட்டேன். வூடே கம்முனு ஆயிடுச்சி. அவ மாமியா பாத்த பார்வ இருக்கே… ‘துப்புடி’ன்னுச்சி. வாசல்ல துப்பிட்டு வந்தேன். மறு தையில சரசுக்கு மஞ்ச காமால. அதே வூட்டுக்குத் திரும்பவும் போனேன் க்கா. வரேன்னு சொன்னேன் இல்ல? வந்தேன். எதுக்கு வந்தேன் பாத்தீங்களா?”

அவளை இத்தனை வருஷமாகத் தெரியும். இவ்வளவு பேசுகிறவள் இதை மட்டும் ஒரு நாளும் பேசியதில்லை.

“மஞ்ச காமால கல்லீரல்ல வர்றது உண்ணாமல. உன் வார்த்தையால வரல.”

“தெரியும் க்கா. டாக்டரும் அதான் சொன்னாரு. மஞ்ச காமாலைக்கு என் வார்த்த தெரியாதுதான். என் வாய்க்குத் தெரியுமே.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்தம்மா நல்லா இருக்கணும். நான் சொல்லி, அப்புறம் அவங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் உசுரோட இருந்து இன்னா பிரயோஜனம்?”

“நீ சொல்லலன்னா அவங்க ஊரப் பாத்துப் போயிடுவாங்கடி.”

“அங்க யாரு இருக்காங்க?”

“அண்ணன் பொண்ணு ஒண்ணு. கூட வெச்சிக்கல. முதியோர் இல்லத்துல இடம் பாத்திருக்காங்களாம்.”

உண்ணாமலை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கும் மார்த்தா வீட்டில் பாலை ஊற்றினாள், வாயைப் பொத்திக்கொண்டு போனாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆபீசில் அன்றைக்கு ஒரே கடிதத்தை மூன்று தரம் தப்பாக அடித்தேன். ஒரு பொம்பளை சொல்லு என்கிறாள், இன்னொருத்தி சொல்ல மாட்டேன் என்கிறாள், இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் உயிரை வைத்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் என்று நான் ஒருத்தி இருந்து என்ன பயன்?

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தெருவில் சத்தம். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே வெளியே ஓடினேன். மார்த்தா வீட்டு கேட்டுக்கு முன்னால் ஒரு செவலைப் பசு நின்றுகொண்டிருந்தது. கயிறு உண்ணாமலை கையில். பின்னால் சடையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கேரியரில் கேனுக்குப் பதில் வைக்கோல் கட்டு, அதன் மேல் ஒரு துணி மூட்டை. மாட்டை அடி அண்ணாமலையிலிருந்து இங்கே வரைக்கும் நடத்தியே கூட்டி வந்திருந்தார்கள்.

“இன்னாடி இது?”

“போனாத்தான க்கா சொல்லணும், சொல்லக் கூடாதுன்ற பேச்செல்லாம்? நான் போவல.”

கேட்டைத் திறந்து, மாட்டைக் கொண்டுபோய் உள்ளே வேப்ப மரத்தில் கட்டினாள்.

சடையனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “கேளுங்கம்மா இவள! கருமாதி வரைக்கும் இங்கியே இருக்கப் போறாளாம். வூட்ல சோறாக்கறது யாரு? எங்கம்மாவ யாரு பாக்கறது?”

“மாடு நாலு கால வெச்சிக்கினு இவ்ளோ தூரம் நடந்து வந்துச்சி. நீ ரெண்டு கைய வெச்சிக்கினு சோறாக்க மாட்டியா? போய்யா, இன்னொரு மாட்டக் கறந்து மிச்ச வூட்டுக்கு ஊத்து. லேட்டாச்சின்னா தேவிக்கா கத்துவாங்க.”

மார்த்தா வாசற்படியில் வந்து நின்றார். மாட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயில் நுரையோடு நான் இங்கிலீஷில் சொன்னேன்: “அவள் இங்கேயே இருக்கப் போகிறாள். போனால்தானே சொல்லாமல் போக வேண்டியிருக்கிறது? அதனால் போகவில்லையாம்.”

மார்த்தா உள்ளே போனார். எமில் குளிக்கிற நீல பக்கெட்டில் தண்ணீர் பிடித்துத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மாட்டுக்கு முன்னால் வைத்தார்.

சாயங்காலமே வீட்டுக்காரர் ராமதாஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். “நான் வூட்ட வாடகைக்கு உட்டது அந்தம்மாவுக்கு. மாட்டுக்கு இல்ல” என்றார்.

“வாடகைய மாடு குடுக்கலீங்க, அந்தம்மாதான் குடுக்கறாங்க. அவங்களயே கேளுங்க” என்றாள் உண்ணாமலை.

கேட்டார். மாடு என் விருந்தாளி என்று மார்த்தா சொன்னார். ராமதாஸ் சாணி நாற்றம் பற்றி ஏதோ முணுமுணுத்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

அதற்குப் பிறகு உண்ணாமலை அந்த கேட்டைத் தாண்டவே இல்லை. முனைக் கடைக்குப் போய்ப் புளி வாங்கி வருவதென்றால்கூட என்னைத்தான் விரட்டினாள். போனால் சொல்லாமல் போக வேண்டும், அந்த அம்மாள் முகம் வாடும், எதற்கு வம்பு என்பது அவள் நியாயம். அரசாங்க உத்தியோகம் பார்க்கிற என்னைத் தவிடும் வைக்கோலும் வாங்கி வர அனுப்பினாள். நானும் போனேன். வரும்போது முனங்கிக்கொண்டேதான் வந்தேன், ஆனால் போனேன்.

சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்கும். மார்த்தா இங்கிலீஷைக்கூட விட்டுவிட்டுத் தன் சொந்தப் பாஷையில் எமிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நடுநடுவே எமில் பெயர் வருவதால் தெரியும். உண்ணாமலை சரியான இடத்தில் ‘உம்’ கொட்டுவாள். பிறகு அவள் சரசுவைப் பற்றி ஆரம்பிப்பாள். மார்த்தா ‘உம்’ கொட்டுவார். ஒருவர் சொல்வதில் ஒரு வார்த்தையாவது இன்னொருவருக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம். உண்ணாமலை சொல்வதையாவது எட்டிப் பார்த்து மொழிபெயர்க்கலாமா என்று ஒரு தடவை எழுந்தேன். பிறகு என் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஊருக்குப் போகும் யோசனை அப்படியேதான் இருந்தது. பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து பாதி நிரம்பி நின்றது. டிராவல்ஸ்காரர் டிக்கெட்டுக்குத் தேதி கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பினார். கருமாதி முடியட்டும், சொல்கிறேன் என்றார் மார்த்தா. உண்ணாமலை அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பெருக்கினாள், தொடவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. என்னிடம் மட்டும், “போவாங்களா க்கா?” என்று தினமும் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாள் சரியாகத் தூங்குவதும் இல்லை. படுத்தால் கண்ணைத் திறந்துகொண்டே கிடக்கிறார், நான் புரண்டு படுத்தாலே எழுந்து நான் இருக்கிறேனா என்று பார்க்கிறார் என்றாள் உண்ணாமலை.

கருமாதிக்கு ஐயர் யாரையும் கூப்பிடவில்லை. எமில் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, இலை போட்டுப் படைப்பது என்று உண்ணாமலையே முடிவு செய்தாள். “அவருக்குப் புடிச்சது இன்னான்னு கேளுங்க க்கா” என்றாள். கேட்டேன். வேகவைத்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் என்றார் மார்த்தா. வடை, பாயசம், கூடவே வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு. காக்கைக்கு வைத்தபோது அது வடையை விட்டுவிட்டு உருளைக்கிழங்கைத்தான் முதலில் எடுத்தது. “பாத்தீங்களா!” என்று உண்ணாமலை மார்த்தாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

சாப்பாடு முடிந்தது. மார்த்தா கூடத்தில் பாயை விரித்துச் சும்மா சாய்ந்தார். மாட்டை ஓட்டிப் போகச் சடையன் வந்து வெளியே காத்திருந்தான். உண்ணாமலை மூட்டையைக் கட்டி, மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து அவனிடம் கொடுத்தாள்.

“இன்னிக்குச் சொல்லலாம் இல்ல? எல்லாம் முடிஞ்சிடுச்சே. போய்ச் சொல்லிட்டு வா. எத்தன நாளா அதக் கேட்டுக்கினு இருக்காங்க” என்றேன்.

அவள் கூடத்து வாசலுக்குப் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன். மார்த்தா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டை வந்தது. மாட்டைக் கிளப்பச் சடையன் வெளியே “ஹை, ஹை” என்று கத்தினான். அதற்கும் அசையவில்லை.

“எழுப்பு” என்று நான் ஜாடை காட்டினேன். உண்ணாமலை என் கையைத் தட்டிவிட்டாள்.

“கம் பேக்” என்றாள். தெருவுக்கே கேட்கச் சொல்கிறவள், பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகக் கேட்கிற குரலில் சொன்னாள். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு மாட்டுக்குப் பின்னால் நடந்து போனாள்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. எழுந்து பார்த்து, சொல்லாமல் போய்விட்டாள் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டால்? அந்தப் பெட்டி வேறு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆபீசுக்கு லீவு போட்டிருந்ததால், எழுந்ததும் முதல் ஆளாக நானே சொல்லிவிட வேண்டுமென்று சுவரோரம் துணி உலர்த்துகிற மாதிரி நின்றுகொண்டே இருந்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு மார்த்தா வெளியே வந்தார். தலை கலைந்திருந்தது. வேப்ப மரத்தடியில் மாடு இல்லாததைப் பார்த்தார். விளக்குமாற்றை எடுத்து, அங்கே கிடந்த வைக்கோலைக் கூட்டி ஓரமாகத் தள்ளினார்.

“உண்ணாமலை போய்விட்டாள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள், நான் காதால் கேட்டேன்” என்று அவசரமாகச் சொன்னேன்.

“அப்படியா?” என்றார். அது ஒரு பெரிய சேதி மாதிரி அவருக்குத் தோன்றவில்லை. கூட்டுவதை நிறுத்தவும் இல்லை. குவித்த வைக்கோலை முறத்தில் அள்ளிக்கொண்டே, ஏதோ நினைவுக்கு வந்தவராக என் பக்கம் திரும்பினார்.

“தேவி, காலையில் நான் எழுந்திருக்க நேரமானால் நீ அவளிடம் சொல்லிவிடுகிறாயா? இனிமேல் ஒரு லிட்டர் வேண்டாம். அரை லிட்டர் போதும். நான் ஒருத்திதானே.”